விழப்போகிற பல்தானே

நவம்பர் 16, ஞாயிறு

இந்த நோட்டு யார் கையில் கிடைத்திருந்தாலும் அவர்களுக்கு: இது இரண்டு வருஷத்துக்கு முந்தைய என்னுடைய ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் நோட்டு. முன்பக்கம் முழுக்க முகலாயர்களும் பாலைவனங்களும்தான். அவற்றைப் படித்துவிட்டு மூடி வைத்துவிடுங்கள். ஏற்கெனவே பின்பக்கத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றால், உங்கள் குலசாமி மேல் ஆணையாக யாரிடமும் காட்டாதீர்கள். என் அத்தையிடம் மட்டும் காட்டவே காட்டாதீர்கள். அவர் பெயர் போதும்பொண்ணு. உசிலம்பட்டியில் அந்தப் பெயரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எதற்கும் ஒருவரிடமும் காட்டாதீர்கள்.

நடந்தது இதுதான். இன்று காலை அம்மா தம்பிக்குப் பல் விளக்கிவிட்டாள். தம்பி மாறனுக்கு இரண்டு வயது மூன்று மாதம். மேல்வரிசையில் நடுவில் உள்ள இரண்டு பற்களில் ஒன்று சாம்பல் நிறமாகியிருந்தது. அதற்கு மேலே ஈறில் ஒரு கொப்புளம். அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா டார்ச் கொண்டுவந்தார். பக்கத்துத் தெருவிலிருந்து அத்தை கண்ணாடி கொண்டுவந்தார். மூவரும் மாறனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அவன் அதை விளையாட்டு என்று நினைத்து அப்பாவின் விரலைக் கடித்தான்.

"இது பூச்சிப்பல்லு இல்ல தம்பி," என்றார் அத்தை அப்பாவிடம். "கண்ணு பட்டுருக்கு. நேரா பல்லு மேலயே பட்டுருக்கு."

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அரையாண்டுத் தேர்வு வருகிறது. அதனால்தான் இப்போதும் சின்ன அறையில் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று வீட்டில் நினைக்கிறார்கள்.

சனிக்கிழமைகளில் அம்மா தையல் கடைக்குப் போய்விடுவாள். அன்று மாறனை நான்தான் பார்த்துக்கொள்வேன். ஆனால் பல் எந்தக் கிழமையில் கெட்டது என்று யாருக்கும் தெரியாது. வாரத்தில் ஏழு கிழமைகள் இருக்கின்றன.

நவம்பர் 18, செவ்வாய்

பல் டாக்டரிடம் போனோம். நான் மடியில் வைத்திருந்தால்தான் மாறன் சும்மா இருப்பான் என்று எனக்கும் லீவு போட்டுவிட்டார்கள்.

டாக்டர் பெயர் மெர்சி. மாறனின் வாயைத் திறந்து ஒரு நிமிஷம்தான் பார்த்தார்.

"இது அடி பட்ட பல்லு. எங்கயாச்சும் விழுந்தானா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த கடைவாய்ப்பல் படத்தைப் பார்த்தேன். அதற்கு மூன்று வேர்கள்.

"விழுகாத நாளு ஏது டாக்டர்," என்றாள் அம்மா. "எந்த விழுகையக் கேக்குறீங்க?"

பல் உள்ளே செத்துவிட்டது, சீழ் வைத்திருக்கிறது, விட்டால் அடியில் வளர்கிற நிரந்தரப் பல்லும் கெட்டுவிடும் என்றார் டாக்டர். முதலில் மருந்து தர வேண்டும். அடுத்த புதன்கிழமை பல்லை எடுத்துவிட வேண்டும்.

அப்பா பம்புசெட் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். எதையும் கழற்றித் துடைத்து மாட்டினால் ஓடும் என்று நம்புகிறவர். "கழட்டிக் கழுவிட்டுத் திரும்ப மாட்ட முடியாதுங்களா?" என்று கேட்டார்.

"அது பல்லுங்க. பம்புசெட் இல்ல."

"தையில காதுகுத்து வெச்சுருக்கோம்," என்றாள் அம்மா. "போட்டோ எடுக்கணும், பத்திரிகை அடிக்கணும். புது பல்லு எப்ப முளைக்கும்?"

"ஏழு வயசுல."

அம்மா விரல் விட்டு எண்ணினாள். ஐந்து வருஷம் காதுகுத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று நிஜமாகவே யோசிக்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

நவம்பர் 19, புதன்

மாறன் இன்று புது வார்த்தை ஒன்று சொன்னான். "பாட்டில்." எல்லோரும் கைதட்டினார்கள். நான் அவசரமாக அவன் வாயில் ஒரு வாய் சோறு ஊட்டினேன்.

நவம்பர் 20, வியாழன்

அத்தை விசாரணை தொடங்கிவிட்டார்.

"டாக்டரம்மா அடின்னு சொல்லிருச்சு. அப்ப அடிச்சது ஒண்ணு இந்த வீட்டுக்குள்ள இருக்கணும்."

அம்மாவின் இஞ்சி டேப்பை எடுத்து, மாறனைச் சுவரோடு நிற்கவைத்து, தரையிலிருந்து அவன் வாய் வரை அளந்தார். இருபத்தேழு அங்குலம். பிறகு மண்டி போட்டுக்கொண்டு வீடு முழுக்கத் தவழ்ந்தார். இருபத்தேழு அங்குல உயரத்தில் இருந்த எல்லாம் குற்றவாளிகள். கிரைண்டர் விளிம்பு. கட்டில் தலைமாடு. அப்பாவின் மொபெட் மிதிபலகை உயரம் போதவில்லை என்று விடுதலையானது. கிரைண்டர் அத்தை வாங்கிக் கொடுத்தது, அதனால் அதுவும் விடுதலையானது. கட்டிலும் அத்தை கொடுத்ததுதான்.

கடைசியில் மிச்சம் இருந்தது அம்மாவின் தையல் மெஷின். அவள் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. பார்க்கச் சகிக்காமல்தான் நான் வாயைத் திறந்தேன். மாமா கொடுத்த மைக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மைக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது உண்மை.

தவசி மாமா அம்மாவின் ஒரே தம்பி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் 'தவசி ரேடியோஸ்' வைத்திருக்கிறார். விசேஷ வீடுகளுக்கு மைக் செட் கட்டுவார், ஃபிளெக்ஸ் அடித்துக் கொடுப்பார். கெட்டுப்போன மைக் ஒன்றை மாறனுக்கு விளையாடக் கொடுத்திருந்தார்.

அத்தை அதைக் கரண்டியால் வெளியே தள்ளினார். கையால் தொடவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

மாமா சாயங்காலம் வந்தார். கூடத்தின் நடுவில் தாம்பாளத்தில் மைக் இருந்தது.

"என்ன மச்சான், மைக்குக்குப் பரிசம் போடுறீங்களா," என்று அப்பாவைக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

"ஒக்காரு மாப்ள," என்றார் அப்பா.

"உன் மைக்குதான் தவசி புள்ள பல்ல ஒடச்சுருக்கு," என்றார் அத்தை.

"யாரு பாத்தது?"

யாரும் பார்க்கவில்லை. அதனால் எல்லோரும் மைக்கைப் பார்த்தார்கள்.

"மதினி, இது உள்ள ஒண்ணுமில்லாத வெறுங்கூடு. இத வெச்சு அடிச்சா ஈ சாகாது. இந்தா பாருங்க." மாமா மைக்கை எடுத்துத் தன் முன்பல்லிலேயே ஒரு தட்டுத் தட்டினார். டிங் என்றது. "பாத்தீங்களா? நல்லா பாருங்க, இன்னொருக்கா."

இரண்டாவது முறை சத்தம் வேறு மாதிரி இருந்தது. தாம்பாளத்தில் நொய்யரிசி அளவுக்கு ஏதோ விழுந்தது.

அத்தை அதை இரண்டு விரலால் எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். "இதுக்கு மேல என்னப்பா சாட்சி வேணும்?"

மாமா வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் புரிந்தது. "அது ஏற்கெனவே ஆடுன பல்லு" என்றார். நான் அதைச் சபைக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 22, சனி

புதுச் சிக்கல். குலசாமி கோயில் பூசாரியிடம் காதுகுத்துத் தேதியைப் பற்றிப் பேச ராத்திரி அப்பா போன் போட்டார். பல் எடுக்கிற விஷயத்தையும் சொன்னார். பூசாரி அதிர்ந்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

"புள்ளைக்கு மொத ரத்தம் தாய்மாமன் மடியிலதேன் விழுகணும். அதுக்குத்தேன காதுகுத்தே. முன்னாடியே ரத்தம் எடுத்தா, அது எந்த மடியில விழுகுதோ அதுதேன் மாமன் மடி."

"பல்லுக்கும் காதுக்கும் என்ன சாமி சம்பந்தம்?"

"ரெண்டும் தலையிலதான இருக்கு."

"போன மாசம் முட்டியப் பேத்துக்கிட்டு ரத்தம் வந்துச்சே."

"தானா வந்தது சேராது. ஆள வெச்சு எடுக்குறதுதேன் சேத்தி."

ஆக, புதன்கிழமை மாமா மடியில் உட்கார வைத்துத்தான் பல்லைப் பிடுங்க வேண்டும். குற்றவாளி மடியிலா என்று அத்தை கேட்டார். அம்மா முதல்தடவையாகக் குரலை உயர்த்தி, "எனக்குப் பெறந்த வீடுன்னு இருக்குறது அவன் ஒருத்தன்தான் மதினி," என்றாள்.

மாமாவுக்குத் தகவல் போனது. அவர் சொல்லி அனுப்பிய பதில்: "மடி என்னுது. ஆனா குத்தவாளியா வந்து ஒக்கார மாட்டேன். மாமனா வருவேன். சீரோட வருவேன்."

நவம்பர் 24, திங்கள்

ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. பத்தடிக்கு எட்டடி. 'எங்கள் குலக்கொழுந்து செல்வன் இளமாறனின் பல் எடுப்பு விழாவுக்கு வருகை தரும் உறவுகளை வருக வருக என வரவேற்கும் தாய்மாமன் தவசி.' மாறன் படத்தில் கறுத்த பல்லை மாமா கம்ப்யூட்டரில் வெள்ளையாக்கியிருந்தார். அது மட்டும் பளிச்சென்று தெரிந்ததால் மற்ற பற்களையும் வெள்ளையாக்கி, கடைசியில் பல் எண்ணிக்கையும் கூடிவிட்டது. எடுக்க வேண்டிய பல் எது என்று அதில் கண்டுபிடிக்க முடியாது.

மாமா எனக்கு ஒரு பாவாடை தாவணி செட் கொடுத்தார். சில்லு தெறித்த பல் தெரியாமல் உதட்டை இறுக்கிக்கொண்டு பேசினார்.

"ஊரே என்னையச் சொல்லுச்சு. நீ ஒருத்திதான், கண்ணி, ஒரு வார்த்தை சொல்லல."

தாவணி மாம்பழ நிறம். அளவு சரியாக இருக்கிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

ஒன்றை மட்டும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். மாறனுக்குக் கடிப்பது பிடிக்கும். ஷாம்பு பாக்கெட்டைக் கொடுத்தால் ஒரே கடியில் திறந்துவிடுவான். நான் அதை இரண்டு மூன்று தடவை பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன். பேனா மூடிக்கும்.

நவம்பர் 25, செவ்வாய்

மாறன் இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துச் சொன்னான். "அக்கா பாட்டில்." வாக்கியம் பேசுகிறான் என்று அம்மா அவனைத் தூக்கிச் சுற்றினாள். இன்னும் வினைச்சொல் ஒன்றுதான் பாக்கி.

நவம்பர் 26, புதன்

பல் போய்விட்டது.

இருபத்தொரு சீர்த்தட்டுகள். முன்னால் உருமி, பின்னால் பெண்கள், நடுவில் மாலை போட்டுக்கொண்ட மாறன், அவனைத் தூக்கிக்கொண்டு வேட்டி சட்டையில் மாமா. கிளினிக்கில் இருபத்தொரு தட்டு வைக்க இடமில்லை. காத்திருந்த நோயாளிகள் ஆளுக்கொரு தட்டை மடியில் வைத்துக்கொண்டார்கள். கன்னம் வீங்கிய ஒருவருக்கு அத்தை கல்கண்டு கொடுத்தார். அவர் அதைக் கும்பிட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

டாக்டர் வெளியே வந்தார். "என்னங்க இது?"

"பல் எடுப்புங்க," என்றார் அப்பா.

"அந்த மேளத்த நிறுத்தச் சொல்லுங்க."

"நிறுத்தக் கூடாதுங்க. ரத்தம் விழுகுற வரைக்கும் அடிக்கணும்."

டாக்டர் தட்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு, சின்னப் பிள்ளைகளை எப்படியும் யாராவது மடியில்தான் வைத்திருக்க வேண்டும், மாமாவும் நானும் மட்டும் உள்ளே வரலாம் என்றார். மாறனின் காலைப் பிடித்துக்கொள்ள நான்.

மாமா நாற்காலியில் சாய்ந்தார். மாறன் அவர் மடியில். நர்ஸ் தலையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் ஈறில் மருந்து தடவி, பிறகு ஊசியை எடுத்தார். மாறன் ஊசியை ஆர்வமாகப் பார்த்தான். மாமாவும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் மெதுவாகக் கீரைக்கட்டு மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்தார். மாலையோடு மாறனும் சரிந்தான்.

"புள்ளையப் பிடிம்மா," என்றார் டாக்டர்.

மாமாவைத் தரையில் கிடத்திவிட்டு நர்ஸ் முகத்தில் தண்ணீர் தெளித்தார். நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். என் மடியில் மாறன். ஊசி போட்டதும் அழுதான். அப்புறம் என் தாவணியை இறுகப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். அக்கா இருக்கும்போது ஒன்றும் ஆகாது என்று நினைத்திருப்பான். டாக்டர் இடுக்கியால் பிடித்தார். மாம்பழ நிறத் தாவணியில் இரண்டு சொட்டு விழுந்தது.

டாக்டர் பல்லைப் பஞ்சில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். "மைக்கு இடிச்சதுன்னாங்க. இடிச்சா பல்லு உள்பக்கமாப் போகும். இது யாரோ பக்கவாட்டுல திருகுன மாதிரில்ல இருக்கு? வீட்டுல யாரு இவனப் பாத்துக்குறது?"

வெளியே இன்னும் நிற்காத மேளச் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று கையால் காட்டினேன். அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை. ஆனால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 28, வெள்ளி

ரத்தம் என் மடியில் விழுந்ததால் நான் இப்போது மாறனுக்குத் தாய்மாமன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பூசாரி தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஆம்பளையா பொம்பளையான்னு சாமி பாக்காது, மடியத்தேன் பாக்கும்." அத்தைக்கு ஒரே சந்தோஷம். பத்திரிகை மாதிரியை எழுதியே கொண்டுவந்துவிட்டார். 'தாய்மாமன்: செல்வி அங்கயற்கண்ணி, ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு.' தெருவில் இரண்டு பேர் என்னிடம் கை கொடுத்தார்கள்.

மாமா அன்று கிளினிக்கில் கண் விழித்ததும் அத்தை சொன்னது இதுதான்: "பல்ல ஒடச்ச. ஊசியப் பாத்து விழுந்த. காதுகுத்துக்கு வேற மடி ஆயிருச்சு தவசி, நீ போயி மைக் செட்டக் கட்டு." மாமா மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். அக்கா வீட்டுப் படியை இனி மிதிப்பதில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பதிலுக்கு அப்பா, அப்படியென்றால் சீரைத் திருப்பி அனுப்புகிறேன் என்றார். எங்கள் பக்கம் சீரைத் திருப்பினால் உறவு முறிந்தது. அப்புறம் சாவுக்குக்கூட வர மாட்டார்கள். அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

இப்போது எழுதிவிடுகிறேன். அக்டோபர் 25, சனிக்கிழமை. நெயில் பாலிஷ் பாட்டில். ரோஸ் நிறம். பள்ளியிலும் கூடாது, வீட்டிலும் கூடாது, அதனால் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன். மூடி ஒட்டிக்கொண்டது. அறிவியல் டீச்சர் சொல்லியிருக்கிறார், பல்லால் மூடி திறக்காதீர்கள், உங்கள் வயதில் பல் போனால் திரும்ப முளைக்காது என்று. டீச்சர் பேச்சைக் கேட்டேன். என் பல்லால் திறக்கவில்லை. மாறனுடையது எப்படியும் விழப்போகிற பல்தானே என்று நினைத்தேன். அவன் சந்தோஷமாகத்தான் கடித்துக்கொண்டான். நான்தான் பாட்டிலைத் திருகினேன். டக்கென்று ஒரு சத்தம். மூடிதான் திறந்தது என்று நினைத்தேன். மூடியும் திறந்திருந்தது.

அழுதான். வாயில் சர்க்கரை போட்டேன். அப்புறம் கால் கட்டைவிரலுக்கு மட்டும் பூசினேன். மீதி ஒன்பதுக்கு மனசு வரவில்லை.

நவம்பர் 29, சனி

நாளை காலை ஆறு மணிக்குச் சீர் திரும்பப் போகிறது. இருபத்தொரு தட்டும் வாசலில் அடுக்கியாகிவிட்டது. கறுத்துப்போன வாழைப்பழத்தை எடுத்துவிட்டு அத்தை புதுப்பழம் வைத்தார். உறவை முறித்தாலும் குறை சொல்ல இடம் கொடுக்கக் கூடாதாம்.

சாயங்காலம் அம்மா வந்ததும், கிராஃப் ஷீட் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மாமா கடைக்குப் போனேன். மாமா எங்கள் ஃபிளெக்ஸைத் தலைகீழாக விரித்து அதன் மேல் உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, பல்ல மைக் ஒடைக்கல."

"அதத்தான் நான் ஒரு வாரமாச் சொல்றேன்."

"நான்தான் ஒடச்சேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். மாமா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன், சிரிக்கிறார். 'விழப்போகிற பல்தானே' என்ற இடத்தில் வயரைக் கீழே போட்டுவிட்டார். அப்புறம் திடீரென்று சிரிப்பு நின்றது. கையை எடுத்தார்.

"அப்ப என் பல்லு?"

"அது திரும்ப முளைக்காது மாமா," என்றேன்.

"அது எனக்குத் தெரியும்டி."

மாமா மறுபடி வயரைச் சுற்றத் தொடங்கினார். ஒரு ஆள் வந்து கல்யாண ஃபிளெக்ஸ் ஆகிவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் போன பிறகு மாமா சொன்னார்: "நான் வந்து சொன்னா, பழியத் தூக்கிச் சின்னப்புள்ள மேல போடுறான்னு உங்க அத்தை ஊரக் கூட்டிரும். நீயே சொல்லு. இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு அந்தப் பக்கம் வருவேன். தட்டெல்லாம் வீட்டுக்குள்ள போயிருந்தா நீ சொல்லிட்டேன்னு அர்த்தம். வண்டிய நிறுத்துவேன். வாசல்லயே இருந்தா பேசாமப் போயிருவேன்."

"திட்டுவாங்க மாமா."

"திட்டட்டும். என்னையத் திட்டல?"

இப்போது எட்டு மணிக்கு இன்னும் ஒன்பது நிமிஷம். இதை எழுத எடுத்துக்கொண்ட நேரத்தில் சொல்லி முடித்திருக்கலாம். கூடத்தில் அத்தை காதுகுத்துப் பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் என்ன பட்டம் போடலாம் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அம்மா சத்தமே இல்லை. தட்டுகள் வாசலில்தான் இருக்கின்றன, ஜன்னல் வழியாகத் தெரிகிறது. 'அம்மா, ஒரு விஷயம்' என்று ஆரம்பித்தால் நடுவில் நின்றுவிடுவேன். முதலில் தட்டைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டால், ஏன் வைத்தாய் என்று அவர்களே கேட்பார்கள். அப்போது சொல்லித்தான் ஆக வேண்டும்.

எட்டுக்கு ஐந்து நிமிஷம்.

கதவைத் தட்டுகிறார்கள். கீழே முழங்கால் உயரத்தில் பொத்துப் பொத்தென்று ஒரு தட்டு. அதற்கு மேலே வளையல் சத்தத்தோடு இன்னொரு தட்டு. "கண்ணி, தாழத் தொற. தட்டுக்குத் துணி போட்டு மூடணும், ஒரு கை குடு வா." அம்மா குரல். கதவைத் திறந்ததும் இப்படிச் சொல்லப் போகிறேன்: மூட வேண்டாம் அம்மா, தட்டை உள்ளே கொண்டு வா, மாமா வருகிறார், மாறன் பல்லை நான்